வைஃபை ஃபுல்... ஆனா நெட் இல்லை! லேப்டாப்புக்குள் பூட்டுப் போட்டது யார்?

காலை 10 மணிக்கு மீட்டிங். வைஃபை சிக்னல் ஃபுல். அதே வைஃபையில் மொபைலில் வீடியோ ஓடுது. லேப்டாப்பில் மட்டும் ஒரு பக்கம்கூட திறக்கவில்லை. ரூட்டரை அணைத்துப் போட்டாச்சு, ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, கஸ்டமர் கேரிடம் சண்டையும் போட்டாச்சு. 'லைன்ல பிரச்னை இல்ல சார்' என்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

இப்படி மாட்டிக்கொண்டவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'சமீபத்தில் விபிஎன், ஆன்டிவைரஸ் எதையாவது அன்இன்ஸ்டால் செய்தீர்களா?'

எனக்கே இது நடந்தது. ட்ரையல் முடிந்த ஒரு விபிஎன்னை நீக்கினேன். செயலி போய்விட்டது, அது போட்ட பூட்டு போகவில்லை. அரை நாள் வேலை காலி. அந்தப் பூட்டு எங்கே இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் போனது யார் தவறு என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கேட்டில் நிற்கும் வாட்ச்மேன்

நீங்கள் அனுப்பும் மெயில், பார்க்கும் வீடியோ எல்லாமே சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் பயணிக்கின்றன. இவைதான் பாக்கெட்டுகள். வழக்கமான நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட்டில் அதிகபட்சம் 1,500 பைட் வரை போகும். ஒரு நிமிட வீடியோ காலில் இப்படி ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகள் வந்து போகும்.

ஃபயர்வால், ஆன்டிவைரஸ், விபிஎன் போன்றவை இந்தப் பாக்கெட்டுகளை வழியில் நிறுத்திப் பார்க்க வேண்டும். 'இது போகலாம், இது போகக் கூடாது' என்று முடிவெடுக்க வேண்டும். அதற்காக அவை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலின் உதவியை நாடுகின்றன. பல நேரம் அங்கேயே ஒரு சின்ன புரோகிராமை வைக்கின்றன. அதுதான் பாக்கெட் ஃபில்டர் டிரைவர். அபார்ட்மென்ட் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி.

விண்டோஸில் இதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. இரண்டுமே விஸ்டா காலத்தில் வந்தவை. ஒன்று, 'விண்டோஸ் ஃபில்டரிங் பிளாட்ஃபார்ம்'. எந்த செயலி, எந்த முகவரிக்கு, எந்த வழியாகப் பேசலாம் என்று இதில் விதி எழுதலாம். இன்னொன்று, நெட்வொர்க் கார்டுக்குப் பக்கத்திலேயே உட்காரும் 'லைட்வெயிட் ஃபில்டர்'. கார்டுக்கு வரும், கார்டிலிருந்து போகும் எல்லாம் இதைத் தாண்டித்தான் செல்ல வேண்டும்.

செயலி போனாலும் பூட்டு ஏன் போகவில்லை?

விண்டோஸ் ஃபில்டரிங் பிளாட்ஃபார்மில் ஒரு விதியைச் சேர்க்கும்போதே, அதன் ஆயுள் எவ்வளவு என்பதை டெவலப்பர் தீர்மானிக்கிறார். 'டைனமிக்' என்று போட்டால், அந்தச் செயலி நின்றதும் விதியும் தானாக மறைந்துவிடும். 'பெர்சிஸ்டன்ட்' என்று போட்டால், யாராவது அழிக்கும்வரை அது அங்கேயே இருக்கும். எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் திரும்ப வரும்.

விபிஎன்களில் 'கில் ஸ்விட்ச்' என்று ஒரு வசதி இருக்கும். விபிஎன் இணைப்பு அறுந்தால் மொத்த நெட்டையும் நிறுத்திவிடும். நம்முடைய உண்மையான ஐபி முகவரி வெளியே கசியாமல் இருக்கத்தான் இது. செயலி கிராஷ் ஆனாலும் பூட்டு நிற்க வேண்டும் என்பதற்காக பெர்சிஸ்டன்ட் விதி போடுவதில் தப்பே இல்லை. அன்இன்ஸ்டால் செய்யும்போது அந்த விதியைத் துடைக்காமல் போவதுதான் தப்பு.

லைட்வெயிட் ஃபில்டரிலும் இதே கதைதான். 'ஆப்ஷனல்' என்று பதிவு செய்தால், அந்த டிரைவர் இல்லாவிட்டாலும் நெட் ஓடும். 'மேண்டட்டரி' என்று பதிவு செய்துவிட்டு, பிறகு அந்த டிரைவர் லோடு ஆகாமல் போனால், அந்த கார்டு வழியாக எதுவுமே நடக்காது. வாட்ச்மேன் வரவில்லை என்பதற்காக கேட்டையே திறக்காத மாதிரி.

ஆக, ஒரே ஒரு அமைப்பு, ஒரே ஒரு முடிவு. எழுதுபவருக்கு ஒரு வரி கோட். நமக்கு ஒரு நாள் வேலை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆபீஸ் லேப்டாப் என்றால் எதையும் தொடாதீர்கள். ஐடி டீமைக் கூப்பிடுங்கள். சொந்த லேப்டாப் என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், 'சேஃப் மோட் வித் நெட்வொர்க்கிங்'கில் திறந்து பாருங்கள். வெளியார் டிரைவர்கள் பெரும்பாலும் அங்கே லோடு ஆகாது. அங்கே நெட் வந்தால், சிக்கல் நீங்கள் போட்ட ஏதோ ஒரு மென்பொருளில்தான் என்று சந்தேகிக்கலாம். வரவில்லை என்பதற்காக மென்பொருள் மேல் தப்பில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பெர்சிஸ்டன்ட் விதிகள் சேஃப் மோடிலும் தடுக்கலாம். இந்த மோடில் சில கம்ப்யூட்டர்களில் வைஃபை வராது. கேபிள் போட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அடாப்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறங்கள். அங்கே ஒரு பட்டியல் இருக்கும். ஐபி நான்காம், ஆறாம் பதிப்புகள், பாக்கெட் ஷெட்யூலர் போன்றவை விண்டோஸுக்குச் சொந்தமானவை. நீங்கள் எப்போதோ நீக்கிய ஆன்டிவைரஸின் பெயர் இன்னும் அங்கே இருக்கிறதா? அதன் டிக்கை எடுத்துவிட்டுச் சோதியுங்கள்.

மூன்றாவது, நீக்கிய அதே விபிஎன்னை இன்னொரு முறை இன்ஸ்டால் செய்யுங்கள். இன்ஸ்டாலரை மொபைலில் டவுன்லோட் செய்து கேபிள் வழியாக மாற்றலாம். கில் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டு, பிறகு நீக்குங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் பூட்டியவரிடம்தான் சாவி இருக்கும். பல ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் முழுமையாக நீக்குவதற்கென்றே தனி டூல் தருகின்றன. அதையும் பயன்படுத்தலாம்.

செட்டிங்ஸில் உள்ள 'நெட்வொர்க் ரீசெட்'டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அது அடாப்டர்களை நீக்கி மறுபடி நிறுவும். வைஃபை பாஸ்வேர்டை மறுபடி போட வேண்டி வரும். அதற்குப் பிறகும் பழைய தடை விதி மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு.

எழுதுபவர்களுக்கும் ஈஸி இல்லை

டெவலப்பர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. இந்த டிரைவர்களை எழுதுவது சாதாரண ஆப் எழுதுவது மாதிரி கிடையாது. பாக்கெட்டைச் சோதிக்கும் கோட், பல நேரம் ப்ராசசரின் உயர் முன்னுரிமை நிலையில் ஓடும். அங்கே எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. டிஸ்க்குக்கு மாற்றப்பட்டிருக்கக்கூடிய மெமரியைத் தொடக் கூடாது. தொட்டால் ப்ளூ ஸ்கிரீன்தான்.

நிதானமாகச் சோதிக்க வேண்டுமானால், பாக்கெட்டைப் பிடித்து வைத்து, சோதித்த பிறகு திரும்ப வழியில் விட வேண்டும். அப்படி விட்ட பாக்கெட் மறுபடி அதே ஃபில்டரிடம் வந்து நிற்கும். 'இது நானே அனுப்பியது' என்று அடையாளம் பார்க்கத் தவறினால், அது முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு வாட்ச்மேன்கள் இருந்தால் இன்னும் சிக்கல். ஒருவர் 'போகலாம்' என்றாலும், இன்னொருவர் தடுத்தால் பொதுவாக தடைதான் ஜெயிக்கும். ஒரே நேரத்தில் இரண்டு செக்யூரிட்டி மென்பொருள் வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கெர்னலில் ஒரு தவறு என்ன செய்யும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அது பாக்கெட் ஃபில்டரால் வந்த பிரச்னை இல்லை. ஆனால், ஃபில்டர் டிரைவர்கள் குடியிருக்கும் அதே கெர்னலில்தான் அந்த டிரைவரும் ஓடியது.

கையெழுத்து மட்டும் போதுமா?

'மைக்ரோசாஃப்ட் கையொப்பம் இருக்கே, அப்புறம் என்ன பயம்?' என்று கேட்கலாம். 2021 ஜூனில், 'நெட்ஃபில்டர்' என்ற பெயரில் சுற்றிய ஒரு டிரைவர் உண்மையில் ரூட்கிட் என்று ஜெர்மனியின் ஜி டேட்டா நிறுவனம் கண்டுபிடித்தது. அதில் மைக்ரோசாஃப்டின் அசல் கையொப்பமே இருந்தது. மைக்ரோசாஃப்டும் அதை ஒப்புக்கொண்டது. (லினக்ஸில் உள்ள நெட்ஃபில்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

ஆப்பிள் வேறு வழியில் போனது. கெர்னலுக்குள் வெளியார் டிரைவர்கள் வருவதைக் குறைத்து, ஃபில்டர்களைக் கெர்னலுக்கு வெளியே நகர்த்தியது. நல்ல யோசனைதான். ஆனால் 2020-ல் வந்த பிக் சர் பதிப்பில், தன்னுடைய 50-க்கும் மேற்பட்ட செயலிகளை மட்டும் வெளியார் ஃபயர்வால்களின் கண்ணில் படாமல் விட்டது. எதிர்ப்பு வந்த பிறகு, 11.2 பதிப்பில் அந்தச் சலுகையை நீக்கியது. மைக்ரோசாஃப்டும், பாதுகாப்பு மென்பொருட்கள் கெர்னலுக்கு வெளியே இயங்க வழி செய்வதாக 2024 நவம்பரில் அறிவித்தது.

நாம் கேட்க வேண்டியது

எங்கே ஓடினாலும் சரி, அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: நம் கம்ப்யூட்டரில் யார் எதைத் தடுக்கிறார்கள் என்று நமக்குத் தெரிய வேண்டாமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், விண்டோஸால் அதைச் சொல்ல முடியும். தணிக்கைப் பதிவை ஆன் செய்திருந்தால், தடுக்கப்படும் இணைப்புகள் 5157 என்ற எண்ணில் பதிவாகும். எந்த ஃபில்டர் தடுத்தது என்ற அடையாள எண்ணும் அதில் இருக்கும். ஆனால் சாதாரணப் பயனாளருக்குத் திரையில் காட்டுவது 'நோ இன்டர்நெட்' மட்டும்தான். 'இந்த விபிஎன் விட்டுச் சென்ற விதி தடுக்கிறது, நீக்கவா?' என்று ஒரு வரி கேட்டால், எத்தனை பேரின் நேரம் மிஞ்சும்!

அதனால் விபிஎன், ஆன்டிவைரஸ் நிறுவனங்களுக்கு ஒரு வார்த்தை: இன்ஸ்டாலரைச் சோதிக்கும் அதே அக்கறையோடு அன்இன்ஸ்டாலரையும் சோதியுங்கள். செயலி போகும்போது அதன் விதிகளும் போக வேண்டும். இது கூடுதல் வசதி இல்லை, கடமை.

நமக்கும் ஒரு வார்த்தை. ஒரு இலவச விபிஎன்னை இன்ஸ்டால் செய்யும்போது திரை மங்கி, 'மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?' என்று கேட்கும். அந்த 'யெஸ்' பட்டனை நாம் யோசிக்காமல் அழுத்துகிறோம். அது வெறும் ஆப்புக்கான அனுமதி இல்லை. வீட்டு கேட்டின் சாவியையே கொடுக்கிறோம். அடுத்த முறை அழுத்துவதற்கு முன், இது யாருடைய மென்பொருள், போகும்போது சாவியைத் திருப்பிக் கொடுக்குமா என்று பத்து நிமிடம் தேடிப் பாருங்கள். காலை 10 மணி மீட்டிங் தப்பிக்கும்.