பிறவினையில் கழியும் முதுமை

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். முதியோர் இல்லத்தின் வாயிற்பலகையில் அன்றைய மதிய உணவை வழங்குபவரின் பெயர் எழுதப்பட்டிருக்கும். ஒரு குழந்தையின் பிறந்தநாளாக இருக்கலாம். யாரோ ஒருவருடைய தந்தையின் நினைவுநாளாகவும் இருக்கலாம். முதியவர்கள் வரிசையாக அமர்த்தப்படுவார்கள். கேக் வெட்டப்படும்; கைதட்டுமாறு சொல்லப்படும்; படம் எடுக்கப்படும். இரண்டு மணிக்கு வாகனங்கள் புறப்பட்டுவிடும். அதன்பின் இரவு உணவு வரை அங்கே நிகழ்வதற்கு ஒன்றும் இராது. இந்தியாவின் பெரும்பாலான நகரங்களில் காணத்தக்க காட்சி இது.

வந்து செல்பவர்களின் ஈரமனத்தைக் குறை சொல்வதற்கில்லை. பல இல்லங்களில் அடுப்பு எரிவதே அவர்களால்தான். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் அம்முதியவர்கள் தாமாகச் செய்தது என்ன?

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றேனும் என்ற அளவில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் ஆதரவற்ற முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசுகள் அமைக்கலாம் என்கிறது. அவ்வில்லங்கள் அளிக்க வேண்டிய சேவைகளுக்கான தரத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் மருத்துவக் கவனிப்போடு பொழுதுபோக்கையும் குறிப்பிடுகிறது. உணவும் மருந்தும் மட்டும் போதாது என்று சட்டம் உணர்ந்திருப்பது நல்லதே. ஆனால் பொழுதுபோக்கு என்னும் சொல், போக்குவதற்கென்று மிகுதியாக ஒரு பொழுது இருப்பதை முன்கொண்டு பிறந்தது. நாள் முழுதும் உழைத்தவர்க்கு மாலையில் அது தேவை. நாள் முழுதும் வெறுமையாகக் கிடப்பவர்க்கு, இருக்கும் பொழுதைப் போக்குவது எவ்வகையில் உதவும்? கூடத்தில் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி அந்தப் பணியைத்தான் செய்துவருகிறது.

சிக்கலின் வேரைக் காட்டுவதற்குப் பள்ளி இலக்கணமே போதுமானது. தன்வினை, பிறவினை என்று வினைகளைப் பிரிப்பது தமிழ் மரபு. எழுவாய் தானே செய்வது தன்வினை; பிறரைச் செய்விப்பது பிறவினை. இல்லங்களில் முதியவரின் ஒரு நாளை விவரிக்கும் வினைகளை எண்ணிப் பார்க்கலாம்: எழுப்புகிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள், ஊட்டுகிறார்கள், அமர்த்துகிறார்கள், படுக்கவைக்கிறார்கள். உடல் தளர்ந்தவர்க்கு இவற்றுள் சில தவிர்க்க இயலாதவை. ஆனால் தாமே எழுந்து, தாமே உண்ணக் கூடியவரும் விரைவு கருதி இந்த வினைகளுக்குள் தள்ளப்படுகிறார். செயல்பாடு என்று இல்லங்கள் நடத்தும் பலவும் இதே இலக்கணத்தில்தான் அமைகின்றன: ஆடவைக்கிறார்கள், பாடவைக்கிறார்கள், வண்ணம் தீட்டவைக்கிறார்கள். பிறவினைகளின் பட்டியல் நீள்கிறதே தவிர, முதியவர் எழுவாயாவதில்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதற்கு அமெரிக்காவிலிருந்து இரு சான்றுகள் உண்டு. எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியலாளர்கள், கனெக்டிகட் மாநிலத்தின் முதியோர் இல்லம் ஒன்றில் நடத்திய ஆய்வை 1976இல் வெளியிட்டனர். ஒரு குழுவினருக்குத் தமது அன்றாடத்தைத் தாமே தீர்மானிக்கலாம் என்று சொல்லப்பட்டது. ஆளுக்கொரு செடியை அவர்களே தெரிந்தெடுத்து, அவர்களே நீர் ஊற்றினர். திரைப்படம் பார்க்கும் நாளையும் அவர்களே முடிவு செய்தனர். மற்றொரு குழுவினருக்கும் செடி உண்டு, திரைப்படம் உண்டு; ஆனால் நீர் ஊற்றுவதும் நாள் குறிப்பதும் பணியாளர் பொறுப்பு. மூன்றே வாரங்களில் முதற்குழுவினரிடம் கூடுதல் விழிப்பும் ஊக்கமும் மகிழ்வும் காணப்பட்டன. சிறிய ஆய்வுதான், அதன் எண்களின்மீது கோட்டை கட்டக் கூடாது. எனினும் இரு குழுவினருக்கும் பொருள் ஒன்றே, வினை மட்டுமே வேறு என்பது கருதத்தக்கது.

1991இல் நியூயார்க் மாநிலத்தின் நியூ பெர்லின் என்னும் சிற்றூரில், பில் தாமஸ் என்னும் இளம் மருத்துவர் தாம் பொறுப்பேற்ற இல்லத்துக்குள் இரண்டு நாய்கள், நான்கு பூனைகள், நூறு சிறுகிளிகள் ஆகியவற்றைக் கொண்டுவந்தார். முதியோரை வாட்டுபவை சலிப்பு, தனிமை, கையறுநிலை ஆகிய மூன்றே என்பது அவர் கருத்து. ஒடுங்கிக் கிடந்தவர்கள் நாயை உலவ அழைத்துச் செல்லத் தாமே முன்வந்ததை, அதுல் கவாண்டே 2014இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

இந்திய இல்லங்களுக்கு நூறு கிளிகள் வேண்டியதில்லை. கீரை ஆய்வது, பூத் தொடுப்பது, மாலையில் விளக்கேற்றுவது, துளசிக்கு நீர் ஊற்றுவது, கண் மங்கியவர்க்கு நாளிதழ் படித்துக் காட்டுவது, பணியாளரின் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவது ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. ஐம்பது ஆண்டுகள் ஒரு வீட்டின் சமையலறையை ஆண்ட பெண்மணி, இல்லத்துக் குழம்பில் உப்பு சரிதானா என்று கூடக் கேட்கப்படாமல் இருப்பது பணத்தால் நேர்ந்த குறையன்று.

இவற்றோடு பேச்சையும் ஒரு செயல்பாடாகக் கொள்ள வேண்டும். மும்பை, பெங்களூரு, தில்லி இல்லங்களில் ஒரே கூடத்தில் பல மொழியினர் வாழ்கின்றனர். பராமரிக்க வருபவர்களின் மொழி வேறாக இருக்கிறது. நினைவு மங்கும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவிப் போவதும், தாய்மொழி கடைசிவரை தங்குவதும் பலரிடம் காணப்படுகின்றன. அத்தகையவரைத் தம் மொழி பேசும் ஒருவரின் பக்கத்தில் அமரச் செய்வதும், வாரம் ஒருமுறை அம்மொழி அறிந்த ஒருவரை வரவழைப்பதும் எந்த விழாவினும் மேலானவை. பெயர் சொல்லி, உரிய மரியாதையோடு விளிப்பதும் இதில் அடங்கும். தலைமையாசிரியராக ஓய்வுபெற்றவரைக் குழந்தையிடம் பேசும் குரலில் ‘சமர்த்தாகச் சாப்பிடுங்கள்’ என்று கொஞ்சுவது அன்பின் வெளிப்பாடாக இருக்கலாம். கேட்பவருக்கு அது இழிவாகவும் இருக்கலாம்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. முப்பது பேருக்கு இரண்டு பணியாளர் இருக்குமிடத்தில், ஒருவர் தாமே சட்டை மாட்டும்வரை பொறுத்திருக்க நேரம் ஏது? கத்தி கையில் பட்டால் பொறுப்பு யாருடையது? ‘மாதாமாதம் பணம் கட்டியும் அம்மாவைக் கீரை ஆய வைப்பதா?’ என்று மகன் சினந்தால் என்ன விடை? இவற்றுள் முதலாவது மெய்யான இடர். குறைந்த ஊதியத்துக்கு நெடுநேரம் உழைப்பவரிடம் பொறுமையை அறிவுரையால் பெற முடியாது. ஆள் எண்ணிக்கையும் ஊதியமும் உயர வேண்டும். கத்தியைக் குறித்த அச்சத்துக்கு விடை, அவரவர் இயலுமைக்கேற்ற வேலை; கீரை ஆயக் கத்தி தேவையில்லை. மூன்றாவது மறுப்பில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது: ஆள் குறைவை ஈடுசெய்ய முதியோரை வேலை வாங்கும் இல்லமும் இருக்கக்கூடும். அதற்கான காப்பு ஒன்றே. எந்தச் செயலையும் வேண்டாம் என்று சொல்லவும், சொன்னதற்காக முகச்சுளிப்பைக் காணாதிருக்கவும் முதியவர்க்கு உரிமை வேண்டும். சும்மா அமர்ந்து தெருவைப் பார்த்திருப்பதும் அவரே தேர்ந்ததாயின் தன்வினைதான்.

இல்லத்தில் சேர்க்கும் நாளில் நோய்களையும் மாத்திரைகளையும் கேட்டு எழுதும் படிவங்களில், இவர் என்ன வேலை செய்தார், எதில் கைதேர்ந்தவர், எந்த மொழியில் பேச விரும்புவார், எது பிடிக்காது என்று நான்கு வரிகள் கூடுதலாக இடம்பெறலாம். மாதம் ஒருமுறை முதியவர்கள் தாமே கூடி, உணவையும் நிகழ்ச்சிகளையும் பற்றி முடிவெடுக்கலாம். ஞாயிறுதோறும் வரும் கொடையாளர்களும் கேக்கோடு திரும்பிவிடாமல், அங்குள்ள ஒருவரிடம் ஏதேனும் ஒன்றைக் கற்றுக்கொண்டு போகலாம். பல்லாங்குழி ஆட்டமாகவோ ஊறுகாய்ப் பக்குவமாகவோ அது இருக்கட்டும். அன்றைக்கேனும் வாயிற்பலகையில், கொடுத்தவர் பெயராக அந்த முதியவரின் பெயரையும் எழுதலாம்.