பூனைக்காலியும் நடுக்குவாதமும்

இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை கையுழைப்பை நம்பி வாழும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கானவை. மூட்டை சுமப்பவனுக்கும், வலை பின்னுபவனுக்கும், யந்திரம் ஓட்டுபவனுக்கும் கையே மூலதனம். அக்கை நடுங்கினால் குடும்பமே நடுங்கும். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்ஸன் வியாதியைப் பற்றி நாம் எழுதப் புகுந்தது இதனாலேயாம்.

இவ்வியாதியில், மூளையில் டோபமைன் என்னும் பொருளை உண்டாக்கும் அணுக்கள் நசிக்கின்றன. அக்குறையை ஈடு செய்ய உலகெங்கும் வழங்கும் பிரதான மருந்து லெவோடோபா. ஐரோப்பாவில் 1913-லேயே ஒருவகை அவரையிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் வித்தில் அது உண்டென்பதைச் சென்னைச் சர்வகலாசாலையின் தாமோதரனும் ராமஸ்வாமியும் 1937-ல் நிரூபித்தனர்.

பிறகு நடந்ததென்ன? ரெஸர்பைன் கொடுத்து அசைவற்றுக் கிடந்த பிராணிகள் டோபாவால் மீண்டும் நடமாடியதை 1957-ல் ஸ்வீடனில் கார்ல்ஸன் காட்டினார். அந்த ரெஸர்பைனும் நமது சர்ப்பகந்தியிலிருந்து கிடைப்பதே! 1967-ல் அமெரிக்காவில் கோட்ஸியாஸ் நோயாளிகளுக்கு அதை உயர்ந்த அளவில் கொடுத்து வெற்றி கண்டார். 2000-ல் கார்ல்ஸனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூலிகை நம்முடையது, பலன் கண்டவர் பிறர். அவர்கள் மீது குறையில்லை. விடாது உழைத்தவர் வென்றனர். தொட்டதை விட்டவர் நாமே.

"எல்லாம் நம் ஏட்டிலேயே உண்டு" என்று மார்தட்டிப் பொடி விற்பது தேசபக்தியாகாது. வித்துக்கு வித்து லெவோடோபாவின் அளவு மாறும். டாக்டர் தரும் மாத்திரையோடு அளவறியாத பொடியும் சேர்ந்தால் குமட்டலும், மயக்கமும், கட்டுக்கடங்காத அங்க அசைவும் நேரலாம். வியாதியை இம்மருந்து தணிக்குமேயன்றி வேரறுக்காது.

2004-ல் லண்டனில் 8 பேரிடமும், 2017-ல் வெளியான பொலிவியா ஆராய்ச்சியில் 18 பேரிடமும் வித்துப்பொடி நற்பலன் காட்டிற்று. ஆனால் தினந்தோறும் உண்ணக் கொடுத்த மற்றொரு சோதனையில், 14 பேரில் பாதிப்பேர் வயிற்றுக் கோளாறு முதலிய காரணங்களால் விலகினர் என்று 2018-ல் தெரியவந்தது. ஆசையும் உண்டு, ஆபத்தும் உண்டு. இரண்டையும் அளந்து சொல்ல வல்லது தக்க ஆராய்ச்சி ஒன்றே.

அதற்கு நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. 1938-ல் தோன்றிய ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி இராயபுரத்திலேயே இருக்கிறது. தேசிய சித்த மருத்துவ நிறுவனம் தாம்பரத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றுகூட்டி, அளவறுதி செய்த வித்துப்பொடியைப் பல நோயாளிகளிடம், நெடுங்காலம், டாக்டர்களின் கண்காணிப்பில் பரீட்சிக்க ஸர்க்கார் பொருளுதவ வேண்டும். முடிவு சாதகமாயினும் பாதகமாயினும் ஒளிக்காமல் வெளியிட வேண்டும். 1937-ல் சென்னை தொடங்கிய வேலையைச் சென்னையே முடிக்கட்டும். பழம்பெருமை பேசுவதால் ஒரு கையின் நடுக்கமும் நிற்காது.