நாயை விரட்டுவதா? உண்ணியை ஒழிப்பதா?

‘எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும்’ என்பது பழமொழி. வீட்டில் உண்ணித் தொல்லை வந்தால் மட்டும் இதை மறந்துவிடுகிறோம். நாயின் உடம்பில் மண்ணெண்ணெய் தடவுகிறோம். உண்ணியை நகத்தால் நசுக்குகிறோம். அதுவும் பலிக்காவிட்டால் நன்றியுள்ள அந்த ஜீவனைத் தெருவில் விட்டுவிடுகிறோம். இது முறையா? முறையன்று என்பதே எங்கள் கருத்து.

உண்ணி எட்டுக் கால்களையுடைய சிலந்தி வகுப்பைச் சேர்ந்தது. நாயைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி, குஞ்சு, இளம்பருவம், முதிர்பருவம் என மூன்று பருவங்களிலும் நாயின்மேல் ஏறி இரத்தம் குடிக்கிறது. வயிறு நிரம்பியதும் உதிர்ந்து, சுவர் வெடிப்புகளில் ஒளிந்துகொள்கிறது. பெண் உண்ணி அங்கேயே ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஆகவே நாய் போனாலும் உண்ணி போவதில்லை. மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும். சில வேளை மனிதரையும் கடிக்கும்.

எங்கள் மண்ணரையில் லைன் வீடுகள் மிகுதி. ஒரு சுவருக்கு இருபுறமும் இரண்டு குடும்பங்கள். ஒரு வீட்டு வெடிப்பில் உள்ள உண்ணி மறு வீட்டுக்கு வர எவ்வளவு நேரமாகும்? நாய் படுக்கப் போட்ட பனியன் வேஸ்டும் பழைய சாக்கும் அதற்கு நல்ல மறைவிடங்கள். எனவே வரிசையிலுள்ள எல்லாரும் ஒரே நாளில் வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்து, மூலை முடுக்குகளைக் கூட்டி, நாயின் துணிகளைக் கொதிநீரில் அலச வேண்டும். ஒரு வீட்டார் மட்டும் செய்தால் பயனில்லை.

உடம்பில் கடித்திருக்கும் உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். தீயால் சுடுவதும், எண்ணெய் ஊற்றுவதும், வெறுங்கையால் நசுக்குவதும் ஆபத்து. எடுத்ததைக் கொதிநீரில் போட்டு, கடித்த இடத்தையும் கைகளையும் சோப்பால் கழுவ வேண்டும். அடுத்த இரு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

1957-இல் அந்நாளைய மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டம் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்தன. மனிதரும் காய்ச்சலால் மாண்டனர். ‘குரங்குக் காய்ச்சல்’ எனப்பட்ட அதைப் பரப்பியது வேறு வகைக் காட்டு உண்ணி. ஆயினும் நாய் உண்ணியும் ‘டைபஸ்’ வகைக் காய்ச்சலைப் பரப்பக்கூடியதே. பீதி வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

உண்ணியைவிட நாங்கள் அதிகம் அஞ்சுவது உண்ணி மருந்தை! வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாய்க்குப் பூசலாகாது. நாயின் எடைக்கேற்ற மருந்தைக் கால்நடை மருத்துவரே சொல்ல வேண்டும். நாய்க்குரிய சில மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும். மீந்ததைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது பெருந்தவறு. பெற்றோர் இருவரும் ஷிப்டுக்குப் போனபின், வீட்டிலிருக்கும் சிறு தம்பிக்கு அது மருந்தென்று எப்படித் தெரியும்?

கொள்ளைநோயில் கைவிடப்பட்ட புனித ஆரோக்கியநாதருக்கு ஒரு நாய் ரொட்டி கொண்டுவந்ததாகப் படித்திருக்கிறோம். அத்தகைய பிராணியை உண்ணிக்காகத் தெருவில் விடலாமா? தோழியரே, இந்த ஞாயிறன்று பூசை முடிந்து வீடு திரும்பியதும், முதலில் சுவர் வெடிப்பைப் பாருங்கள்!