தட்டைப் பாதமா? நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள்!

குளித்துவிட்டு வரும் குழந்தையின் ஈரக் கால்தடம், நடுவில் வளைவே இல்லாமல் முழுதாகப் பதிகிறதா? அதுதான் தட்டைப் பாதம். இதன் காரணம் பல நேரங்களில் கணுக்காலுக்குள் இருக்கிறது.

அங்கே உள்ள ‘தாலஸ்’ எலும்புதான் உடல் எடையைப் பாதத்துக்குக் கடத்துகிறது. ஆனால், அதில் ஒரு தசைகூட நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. கீழே இருக்கும் குதிகால் எலும்பும் சுற்றியுள்ள தசைநார்களுமே அதைத் தாங்குகின்றன. எலும்பு அமரும் இடம் சரிவாகவோ, தசைநார்கள் தளர்வாகவோ இருந்தால், தாலஸின் தலைப்பகுதி உள்பக்கமாகக் கீழே இறங்கும். பாதத்தின் வளைவும் தாழ்ந்துவிடும்.

நடை பழகும் வயதில் பாதம் தட்டையாக இருப்பது இயல்பு. பெரும்பாலான குழந்தைகளுக்கு 6 வயதையொட்டி வளைவு தெரியத் தொடங்கும். சிலருக்கு 10 வயதுவரைகூட ஆகலாம்.

வளர்ந்த பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். அப்போது வளைவு தெரிந்து, வலியும் இல்லையென்றால் பொதுவாகச் சிகிச்சையோ சிறப்புக் காலணியோ தேவையில்லை.

வளைவு தோன்றாமல் பாதம் விறைப்பாகவே இருந்தால், எலும்புகள் பிறவியிலேயே ஒன்றோடொன்று இணைந்திருக்கக்கூடும். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பெரியவர்களுக்கு ஒரு பாதம் மட்டும் புதிதாகத் தட்டையாகி, உள்கணுக்காலில் வலியோ வீக்கமோ வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.