தங்கம் வாங்கியவரே 34-வது இடம்!

குட்டீஸ், ஒரு புதிர் போடுகிறேன். விடை சொல்லுங்கள் பார்ப்போம்!

2017 நவம்பரில் ஆசிய லூஜ் சாம்பியன்ஷிப் போட்டி நடந்தது. அதில் இந்திய வீரர் சிவ கேசவன் தங்கப் பதக்கம் வென்றார். மூன்று மாதம் கழித்து, 2018 பிப்ரவரியில், தென்கொரியாவின் பியாங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக். அதே வீரர்... அதே விளையாட்டு... ஆனால், 40 பேரில் 34-வது இடம்!

மூன்றே மாதத்தில் அவர் திறமை குறைந்து விட்டதா? அல்லது முதலில் வாங்கிய தங்கம் வெறும் பெயருக்குத்தானா?

இரண்டும் இல்லை என்பது என் கருத்து. நாம்தான் முடிவுப் பட்டியலைச் சரியாகப் படிப்பதில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன்? கேளுங்கள்.

முதலில், லூஜ் என்றால் என்ன? பூங்காவில் உள்ள சறுக்கு மரத்தில் மல்லாந்து படுத்து, கால் முன்னே போகும்படி சறுக்கி இருக்கிறீர்களா? (அம்மா பார்த்தால் திட்டு நிச்சயம்!) அதையே ஒரு கிலோ மீட்டருக்கும் அதிக நீளமுள்ள, வளைந்து வளைந்து இறங்கும் பனிக்கட்டிப் பாதையில், சின்ன வண்டி ஒன்றில் படுத்தபடி செய்தால் அதுதான் லூஜ். வண்டியில் ஸ்டியரிங் கிடையாது, பிரேக்கும் கிடையாது. கெண்டைக்காலால் அழுத்தியும், தோளை அசைத்தும்தான் திருப்ப வேண்டும். வேகமோ மணிக்கு 130 கி.மீ.,யைத் தாண்டும்!

இதில் ஒரு நொடியை ஆயிரம் பங்காகப் பிரித்துக் கணக்கிடுகிறார்கள். 1998-ல் ஜப்பானின் நகானோவில் நடந்த ஒலிம்பிக்கில், பெண்கள் பிரிவில் தங்கம் வென்றவருக்கும் வெள்ளி வென்றவருக்கும் நான்கு சுற்றுகளையும் சேர்த்து இருந்த வித்தியாசம் 0.002 நொடிதான். நாம் கண் சிமிட்டுவதற்குக்கூட அதைப்போலப் பல மடங்கு நேரம் ஆகும். ஆனாலும், பட்டியலில் ஒருவர் பெயருக்கு எதிரே '1', இன்னொருவர் பெயருக்கு எதிரே '2'. அவ்வளவுதான்!

பியாங்சாங்கில் நடந்ததையும் பாருங்கள். 2010, 2014 என இரண்டு ஒலிம்பிக்குகளில் தனிநபர் தங்கம் வென்றவர் ஜெர்மனியின் பெலிக்ஸ் லோக். 2018-லும் மூன்று சுற்று முடிந்தபோது அவர்தான் முதலிடம். கடைசிச் சுற்றில், 16 வளைவுகள் கொண்ட அந்தப் பாதையின் ஒன்பதாவது வளைவில் ஒரே ஒரு சறுக்கல். ஐந்தாவது இடத்துக்குப் போய்விட்டார். ஆஸ்திரியாவின் டேவிட் க்லைர்ஷர் தங்கம் வென்றார். அதுவரை உலகக் கோப்பைப் போட்டி ஒன்றில்கூட ஜெயிக்காதவர் அவர்! இரண்டாவதாக வந்த அமெரிக்க வீரர் கிறிஸ் மாஸ்டரைவிட 0.026 நொடி முன்னே.

க்லைர்ஷர் ஜெயித்தது நியாயமான வெற்றி, சந்தேகமே இல்லை. அதற்காக, லோக் உலகின் ஐந்தாவது வீரராகி விட்டாரா? பட்டியல் அன்றைய பந்தயத்தைப் பற்றி மட்டும்தான் பேசும். ஆளைப் பற்றி முழுவதும் சொல்லாது.

இப்போது நம் புதிருக்கு வருவோம்.

ஆசியப் போட்டி நடந்த இடம் எது தெரியுமா? ஜெர்மனியில் உள்ள ஆல்டன்பெர்க்! ஆசியாவுக்கான போட்டி ஐரோப்பாவில். ஆசியாவில் லூஜ் பாதைகள் அவ்வளவு குறைவு. இந்த விளையாட்டில் இறங்கும் நாடுகளும் குறைவு. ஜெர்மனியில் மட்டும் நான்கு இடங்களில் பாதை கட்டியிருக்கிறார்கள். அங்கே உங்கள் வயதுப் பிள்ளைகள், பள்ளி விட்டதும் பயிற்சிக்குப் போக முடியும். இந்தியாவில்? ஒலிம்பிக் தரத்தில் ஒரு பாதைகூட இல்லை.

சிவ கேசவன் இமாசலப் பிரதேசத்தில், மணாலி அருகே வசிஷ்ட் என்ற ஊரைச் சேர்ந்தவர். வண்டியின் அடியில் சக்கரங்களைப் பொருத்தி, இமயமலைத் தார்ச்சாலைகளில் பயிற்சி செய்தவர். எதிரே லாரி வரும். ஆட்டு மந்தை வரும். அதற்கு நடுவே புகுந்து போக வேண்டும்! 1998-ல் நகானோ ஒலிம்பிக்கில் இறங்கியபோது அவருக்கு வயது 16. அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரரும் அவர்தான். 28-வது இடம் பிடித்தார். 2018 வரை தொடர்ந்து ஆறு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டார். 2006-ல் இத்தாலியின் டூரினில் 25-வது இடம் வந்ததுதான் அவற்றில் அவருடைய சிறந்த இடம்.

ஆக, தங்கமும் உண்மை. 34-வது இடமும் உண்மை. ஆசியப் போட்டியில் அவர் மோதியது கிட்டத்தட்ட தன்னைப் போன்ற நிலையில் இருந்தவர்களோடு. ஒலிம்பிக்கில் மோதியது பனிப் பாதையிலேயே வளர்ந்தவர்களோடு. தங்கத்தைப் பார்த்து, 'உலகத்தையே ஜெயித்து விட்டார்' என்று துள்ளுவதும் தப்பு. 34-ஐப் பார்த்து, 'சே, இவ்வளவுதானா' என்று உதட்டைப் பிதுக்குவதும் தப்பு.

இன்னொரு தப்பும் உண்டு. அது பெரியவர்கள் செய்வது. 'பாருங்கள், லாரிக்கு நடுவே பயிற்சி செய்தார்; எவ்வளவு பெரிய சாதனை' என்று பெருமையாகச் சொல்லி நிறுத்திக் கொள்கிறோம். அவருடைய துணிச்சல் பெரிதுதான். ஆனால், ஒரு வீரர் உயிரைப் பணயம் வைத்துச் சாலையில் பயிற்சி செய்ய நேர்ந்தது நாட்டுக்குப் பெருமையா? வெட்கப்பட வேண்டிய விஷயம் என்பேன் நான். (நீங்கள் யாரும் சைக்கிளிலோ, ஸ்கேட்டிங் பலகையிலோ அப்படிச் செய்து பார்க்கக் கூடாது. சரியா?)

2014-ல் ரஷ்யாவின் சோச்சியில் நடந்தது இன்னும் வருத்தமானது. இந்திய ஒலிம்பிக் சங்க நிர்வாகத்தில் இருந்த குழப்பத்தால், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அந்தச் சங்கத்தை 2012 டிசம்பரில் தற்காலிகமாக நீக்கி வைத்திருந்தது. அதனால், கேசவன் மூவர்ணக் கொடியின் கீழ் பந்தயத்தில் இறங்க முடியவில்லை. ஒலிம்பிக் கொடியின் கீழ்தான் இறங்கினார். அவருடைய பந்தயம் முடிந்து இரண்டு நாள் கழித்துத் தடை நீங்கியது! தவறு செய்தவர்கள் நாற்காலியில் இருந்தவர்கள். கொடியை இழந்தவர் வண்டியில் படுத்திருந்தவர். முடிவுப் பட்டியலில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

2020-ல் கேசவனுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. முதல் ஒலிம்பிக் முடிந்து 22 ஆண்டுகளுக்குப் பின்!

முதலிடம் பெரிதல்ல என்று நான் சொல்லவில்லை. முதலிடத்துக்கு ஆசைப்பட வேண்டும். அதற்காகப் பாடுபட வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை செய்தித்தாளில் விளையாட்டு முடிவுகளைப் பார்க்கும்போது, முதல் மூன்று பெயரோடு நிறுத்தாமல் கீழேயும் பாருங்கள். 'இவர் எங்கே பயிற்சி செய்திருப்பார்? இவருக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை? முந்தைய முறையைவிட முன்னேறி இருக்கிறாரா?' என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் வகுப்பில் 34-வது ரேங்க் வாங்கும் நண்பனைப் பற்றியும் இதே கேள்விகளைக் கேட்கலாம். வீட்டில் விளக்கு இருக்கிறதா, படிக்க நேரம் இருக்கிறதா என்று அவனிடம் யாராவது விசாரித்திருக்கிறார்களா? நீங்கள் விசாரித்துப் பாருங்களேன் குட்டீஸ்!