தலைமேல் தொங்கிய தாள்

“தமிழ் வீட்டிற்குப் போதும், பாட்டிற்குப் போதும், பட்டறைக்கும் தொழிலகத்திற்கும் போதாது” என்பார் நம்மிடையே இன்னும் உளர். படித்தவரே இதனை மிகுதியும் கூறுவர். ஒரு பொருளை ஆக்குங்கால் யார், எதனை, எப்போது, எவ்வளவு நேரத்தில் செய்தல் வேண்டும், பிழை நேரின் நிறுத்துபவர் யார் என்பனவற்றை வகுத்து நடத்தும் துறையை ஆக்கவினை மேலாண்மை எனலாம். அத்துறை ஆங்கிலத்திலன்றி இயங்காது என்பது அன்னார் துணிபு. யான் பொறியாளன் அல்லேன், தமிழாசிரியன். இத்துறை நூல்கள் சிலவற்றைத் தேடிப் படிக்குமாறு என்னைச் செய்தவர் என் பழைய மாணவர் ஒருவர்.

அவர் சென்னைக்கு மேற்கே மகிழுந்து உறுப்புகள் செய்யும் தொழிலகம் ஒன்றில் அழுத்துபொறிக் கூடத்தில் பணியாற்றுகின்றார். பொங்கலுக்கு என்னைக் காண வந்தவர், வலக்கையைத் துண்டால் மூடியவாறே அமர்ந்திருந்தார். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நுனிக்கணு இல்லை. விசையை நிறுத்திய பின்னரும் பொறியின் பெரிய உருளை சிறிது நேரம் சுழலுமாம்; அஃது ஓயுமுன் மேற்கட்டை இன்னொருமுறை இறங்கிவிடக் கூடுமாம்.

“இச்செய்தி வினைமுறைத் தாளில் இல்லையா, தம்பி?” என்றேன்.

“இருந்தது, ஐயா. ஏழாம் வரி. தாள் என் தலைக்கு மேலேதான் தொங்கியது. ஆங்கிலத்தில் இருந்தது.”

உசாவல் நடத்திய அலுவலர், ‘அறிவுறுத்தம் முறைப்படி வைக்கப்பட்டிருந்தது, தொழிலாளி பின்பற்றவில்லை’ என்று எழுதி முடித்துவிட்டனராம்.

அத்தாள் யாருக்காகத் தொங்கியது? உறுப்புகளை வாங்கும் பெருந்தொழிலகத்தார் அவ்வப்போது தணிக்கைக்கு வருவர். அவர்தம் கண்ணுக்காகத் தொங்கியது. கையை உள்ளே நீட்டுபவன் கண்ணுக்காக அன்று.

இந்நோய் நம் மண்ணில் மட்டும் தோன்றியதன்று. 1911-இல் அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக்கு தெயிலர் அறிவியல் மேலாண்மை பற்றி நூல் எழுதினார். எண்ணி வகுப்பவர் ஒருவர், செய்பவர் மற்றொருவர் எனப் பிரித்தமையே அவர் கோட்பாட்டின் உயிர்நாடி. 1913-இல் என்றி போர்டு மிச்சிகன் மாநிலத்துத் தம் தொழிலகத்தில் ஓடும் பொருத்துவரிசையை அமைத்தார். மகிழுந்தின் அடிச்சட்டம் ஒன்றைப் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகிவந்தது, 93 நிமையமாகக் குறைந்தது. வியத்தகு வினைத்திறனே, மறுக்கவில்லை. எனினும் அவ்வாண்டில் அங்கு ஆள்மாறுகை 370 விழுக்காடு. அஃதாவது ஓர் ஆளிடத்தை ஆண்டு முழுதும் நிரப்பி வைக்க மூவர், நால்வரை மாற்றி மாற்றி அமர்த்த வேண்டியிருந்தது. 1914 சனவரியில் நாட்கூலியை 5 தாலராக உயர்த்திய பின்னரே ஆட்கள் நிலைத்தனர்.

அத்தொழிலாளருட் பெரும்பாலார் போலந்து, இத்தாலி முதலிய அயல்நாடுகளிலிருந்து வந்தவர். மேற்பார்வையாளர் கூறுவது அவர்க்கு விளங்கவில்லை. போர்டு 1914-இல் ஆங்கிலப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதன் பட்டமளிப்பு விழாவைப் பற்றிப் படித்தபோது சிரிப்பதா சினப்பதா என்று தெரியவில்லை. மேடைமேல் பெரியதொரு கொப்பரை. தத்தம் நாட்டு உடையுடன் அதனுள் இறங்கிய தொழிலாளர், அமெரிக்க உடையணிந்து கையிற் கொடியுடன் வெளியேறினர்! சொல்வது விளங்கவில்லை என்றால் ஆளையே உருக்கி வார்த்துவிடுவது அவர் கண்ட மருந்து. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் பள்ளியாவது வைத்துக் கற்பித்தார். நம் தொழிலகத்தார் தாளைத் தொங்கவிட்டதோடு சரி.

இனிச் சப்பானைக் காண்க. சாக்கிச்சி தொயோதா என்பார் தச்சர் மகன். 1924-இல் அவர் நிறைவாக்கிய தானியங்கு விசைத்தறி, இழை ஒன்று அறுந்தால் தானே நின்றுவிடும். விசைத்தறிக்குப் பிறப்பிடமான இங்கிலாந்தைச் சேர்ந்த பிளாட்டு தொழிலகமே 1929-இல் அதன் உரிமையை விலை கொடுத்து வாங்கியது. அவர் மகன் நிறுவிய தொயோட்டா மகிழுந்துத் தொழிலகத்தில், நெசவாலையிலிருந்து வந்த தாயிச்சி ஓனோ (1912–1990) அத்தறியின் அறிவை மாந்தரிடம் கொண்டுவந்தார். பிழை கண்டால் வரிசையை நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கே உண்டு. நிறுத்தியவுடன் தலைக்கு மேலுள்ள பலகையில் விளக்கெரியும். எவ்விடத்தில் இடர் என்று அது காட்டும். உதவுவோர் அங்கு ஓடுவர். அடுத்த வினைக்கு எத்துணை உறுப்பு வேண்டும் என்பதனை அட்டை ஒன்று அறிவிக்கும். அட்டை வாராமல் எதனையும் செய்து குவித்தல் கூடாது. குவிந்து கிடக்கும் பொருள், முடங்கிய பணம். இவற்றினும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. வினைமுறைத் தாளை வினைக்களத்தில் நிற்பவர் தாமே எழுதுதல் வேண்டும் என்றார் ஓனோ. பிறருக்கு விளங்குமாறு எழுதுவதற்குத் தான் முதலில் தெளிந்திருத்தல் வேண்டுமன்றோ?

பெயர்களைக் கேளுங்கள். விளக்குப் பலகைக்கு ஆந்தோன் என்று பெயர். அது தாள் ஒட்டிய பழைய வீட்டு விளக்கு. அட்டைக்குக் கான்பான் என்று பெயர்; அது கடைமுகப்பிற் காணும் பெயர்ப்பலகை. இரண்டும் தெருவிற் கிடந்த சொற்கள். இன்று ஆங்கில மேலாண்மை நூல்கள் இவற்றை மொழிபெயர்க்கவும் மாட்டாமல் அப்படியே எழுதுகின்றன.

1962-இல் சப்பானிய அறிவியலாளர் பொறியாளர் ஒன்றியம், வினைக்களத் தலைத்தொழிலாளர்க்கென்றே ஓர் இதழ் தொடங்கியது. கௌரு இசிகாவா என்னும் பேராசிரியர் அதற்குத் துணைநின்றார். தொழிலாளர் தம் காசில் வாங்குமாறு விலையைக் குறைத்து வைத்தனர். அவ்விதழைக் கூடியிருந்து படித்த குழுக்களே பின்னர் உலகெங்கும் பரவிய தரவட்டங்கள். அதன் பெயரிலேயே ஆங்கில எழுத்துகள் இரண்டு இருந்தன என்று எடுத்துக்காட்டி என்னை மடக்க நினைப்பாரும் உளர். உண்மைதான், எனக்கு அஃது உவப்பன்று. ஆயினும் அவ்விரண்டு எழுத்துக்கு வெளியே இதழ் முழுதும் தொழிலாளியின் தாய்மொழியில் இருந்தது.

நம் குறையையும் ஒளிக்க மாட்டேன். மாணவர் தம் கைப்பேசியில் எடுத்துவந்த தாளின் படத்தைக் காட்டி, “தமிழில் எழுதித் தாருங்கள், ஐயா” என்றார். ஏழாம் வரிக்கு, “உருளை முற்றும் ஓய்வுறுமுன் பொறியகத்துக் கரம் செலுத்தற்க” என்று எழுதினேன். அவர் படித்துப் பார்த்துப் பணிவாகச் சிரித்தார். “எங்கள் கூடத்தில் ‘உருளை நின்னாத்தான் கை’ என்போம், ஐயா” என்றார். முப்பதாண்டுகள் இலக்கணம் கற்பித்தவன், என் வரியை அடித்துவிட்டேன். ‘நின்னா’ என்பதனை ‘நின்றால்’ எனத் திருத்த மட்டும் இசைவு கேட்டேன், கொடுத்தார். ஏனை வரிகளையும் அவரே சொன்னார், நான் எழுதினேன். சொல்லாக்கக் குழுக்களில் அமரும் நாம் ஒருநாளேனும் அழுத்துபொறியின் பக்கத்தில் நின்றதுண்டா?

அக்கூடத்தில் ஒடிசாவிலிருந்து வந்த தோழர்களும் உளர். அவர்க்கு ஒடியாவில் ஒரு தாள் எழுதுவிக்குமாறு சொல்லியனுப்பினேன். அவர்தம் விரலும் விரலே.

சித்திரையில் மீண்டும் வந்தார். ஆங்கிலத் தாளின் கீழே தமிழ்த்தாளும் ஒடியாத் தாளும் தொங்குகின்றனவாம். மேற்பார்வையாளர் மறுக்கவில்லை. தணிக்கைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் இரண்டையும் கழற்றி வைத்துவிட வேண்டும் என்றாராம்.