பெட்டி போனால் எழுத்தும் போகுமா?

‘சிஸ்டம் போச்சு’ என்ற இரண்டு சொற்களுக்குள் ஒரு தவறான தீர்ப்பு அடங்கியிருக்கிறது. பொத்தானை அழுத்தியும் திரை இருண்டே கிடக்கும் மேசைக் கணினியைப் பார்த்து நாம் சொல்லும் சொற்கள் இவை. போனது எது? மின்வழங்கியா, நினைவகமா, தாய்ப்பலகையா, வன்தட்டா, இயங்குதளமா? இதைக் கேளாமலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறோம். கடையிலும் பல நேரங்களில் இதைக் கேட்பதில்லை. வன்தட்டை அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவித் தந்துவிடுகிறார்கள். கணினி மீள்கிறது. ஆண்டுக்கணக்கில் தட்டச்சிட்டு வைத்த கட்டுரைகளும் கதைகளும் மீள்வதில்லை. இலக்கிய வாசகருக்கு இந்த இயந்திரச் சமாச்சாரம் எதற்கு என்று கேட்போருக்கு இதுவே நமது பதில்.

ஸ்ரீமுஷ்ணம் போன்ற சிற்றூர்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். சென்னை ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்களை வாங்கி வந்து வீட்டில் பூட்டிய ‘அசெம்பிள்டு’ கணினிக்கு முழுமையான உத்தரவாதம் தர ஒரு நிறுவனம் கிடையாது. பாகத்துக்கு ஒரு நிறுவனம், ஒவ்வொன்றுக்கும் ஓர் உத்தரவாதம். ஆகவே எந்தப் பாகம் பழுது என்று கண்டறியும் பொறுப்பு பூட்டியவர் தலையில்தான் விழுகிறது. விருத்தாசலத்துக்கோ சிதம்பரத்துக்கோ பேருந்தில் கொண்டுபோகலாம்தான். ஆனால் வழிக்குலுக்கலில் நினைவக அட்டையும் காட்சி அட்டையும் தளர்ந்துபோய், ஒரு பழுதோடு புறப்பட்ட பெட்டி இரண்டு பழுதோடு போய்ச் சேரவும் கூடும்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’ வகுக்கும் ஒழுங்கை நாம் வகுப்பறைகளில் விரித்துரைக்கிறோம். நோய் இன்னதென்று தெளிதல், அதன் காரணம் காணல், தணிக்கும் வழி தேடல் என்பது அவ்வொழுங்கு. கணினிக்கும் இதுவே முறை. இதனுடன் ஒரு விதியை மட்டும் சேர்க்கலாம்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். நான்கு பாகங்களை ஒருசேரக் கழற்றிப் பூட்டியபின் கணினி ஓடினாலும், ஏன் ஓடியது என்று தெரியாது; மறுமுறை நின்றாலும் தெரியாது.

நோய் மூவகைப்படும். முதல்வகை, அசைவே இல்லாமை. இங்கே தேடலைச் சுவரிலிருந்து தொடங்க வேண்டும். பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலத்தின் பக்கத்தில் இருந்துகொண்டு, வீட்டுப் பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பார்க்காமல் தாய்ப்பலகையைக் குறைசொல்வது நியாயமன்று. பிறகு மின்செருகி, பெட்டியின் பின்புறச் சிறு விசை, எஸ்எம்பிஎஸ் எனும் மின்வழங்கி. தாய்ப்பலகைக்குச் செல்லும் பெரிய இணைப்பானைக் கழற்றி, அதிலுள்ள பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு இணைத்தால் மின்வழங்கியின் விசிறி சுழல வேண்டும். சுழன்றால் அது முற்றிலும் சாகவில்லை என்று மட்டுமே பொருள். நலமாயிருக்கிறது என்று பொருளல்ல. கம்பிகள் அனைத்தும் கறுப்பாக வரும் புதிய மின்வழங்கிகளில், கம்பியிடம் தெளிவாகத் தெரியாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். மின்வழங்கியின் உறையை எவரும் திறக்கவே கூடாது. செருகியைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும்.

இரண்டாம் வகை, விசிறி சுழன்றும் திரை இருண்டிருத்தல். இதில்தான் பெரும்பாலோர் கலங்கிப்போகிறார்கள். ஆனால் பேசும் வாய் இங்கே உண்டு. தொடங்கும்போது பயாஸ் தன் உறுப்புகளைச் சோதித்து, பிழை கண்டால் சிற்றொலிபெருக்கி வழியே ஒலிக்கிறது. அவார்டு பயாஸில் ஒரு நெட்டொலியும் இரு குற்றொலியும் வந்தால் காட்சி அட்டையில் கோளாறு என்று பொருள். குறிலையும் நெடிலையும் மாத்திரையிட்டு எண்ணிப் பழகிய தமிழ் மாணவருக்கு இது புதிய பாடமா என்ன? பயாஸுக்குப் பயாஸ் இந்த இலக்கணம் மாறும் என்பதால் தாய்ப்பலகையின் கையேட்டைப் பார்க்க வேண்டும். இன்றைய பலகைகள் பலவற்றில் ஒலிக்குப் பதில் செயலி, நினைவகம், காட்சி அட்டை என்று பெயரிட்ட சிறுவிளக்குகள் எரிகின்றன.

அடுத்து, நினைவக அட்டைகளைக் கழற்றி, இணைமுனைகளை மென்மையாகத் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்துதல். இருண்ட திரைகள் பல இந்த ஒரு காரியத்திலேயே விழித்துவிடுகின்றன. விழிக்காவிட்டால் தாய்ப்பலகை, செயலி, ஒற்றை நினைவக அட்டை, மின்வழங்கி இவை மட்டும் எஞ்சுமாறு மற்றவற்றை விலக்கி, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிதாகப் பூட்டிய கணினியானால் செயலிக்குரிய தனி மின்னிணைப்பு விடுபட்டிருக்கலாம். பலகைக்கு அடியில் தேவையற்ற திருகுதாங்கி ஒன்று உரசிக்கொண்டிருக்கலாம். பெயரின் இறுதியில் ‘எஃப்’ கொண்ட இன்டெல் மேசைக்கணினிச் செயலிகளுக்குத் தனிக் காட்சி அட்டை இன்றியமையாதது. டிடிஆர்5 நினைவகம் முதன்முறை தன்னைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை பொறுத்திருப்பதும் ஒரு சிகிச்சையே.

பழைய பெட்டியானால் பலகையின் மின்தேக்கிகளைப் பார்க்கலாம். 2000களின் முற்பகுதியில் செய்யப்பட்ட பலகைகள் பல, தரங்குறைந்த மின்தேக்கிகள் உப்பி வெடித்ததால் மாண்டன. நாணயம் போன்ற சிஆர்2032 மின்கலம் தீர்ந்திருந்தாலும் நாள், நேரம் மறந்து கணினி தொடக்கத்திலேயே நின்றுவிடக்கூடும். சொற்ப விலையில் தீரும் நோய் அது.

மூன்றாம் வகை, திரை ஒளிர்ந்தும் இயங்குதளம் ஏறாமை. வன்தட்டின்மீது ஐயம் விழ வேண்டியது பெரும்பாலும் இங்கேதான். முதல் இரு வகைகளில் வன்தட்டு பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அதைக் கழற்றி யூஎஸ்பி இணைப்பான் வழியே வேறொரு கணினியில் பொருத்தினால் எழுத்தெல்லாம் கைக்கு வரும். மூன்றாம் வகையிலும், பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றிக் கோப்புகளை வெளியெடுக்கும் வாய்ப்பு உண்டு. வன்தட்டில் ‘டக் டக்’ என்ற ஓசை கேட்டால் மட்டும் மின்னிணைப்பை உடனே துண்டித்துவிட வேண்டும். ஒவ்வொரு சுழற்சியும் இழப்பைப் பெருக்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். விண்டோஸ் 11 நிறுவிய கணினிகளில் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கலாம். தாய்ப்பலகையை மாற்றினால் மீட்புச் சாவியைக் கேட்கும். அதை இன்றே குறித்துவைப்பது நல்லது. மற்றது நம்மவர்க்கே உரியது. ஒருங்குறிக்கு முந்தைய டிஸ்கி, டாப், பாமினி முறைகளில் எழுதப்பட்டவை இன்னும் பழைய வன்தட்டுகளில் உறங்குகின்றன. ஆவணங்களை மட்டும் எடுத்து, விண்டோஸ் கோப்புறையிலுள்ள எழுத்துருக்களை விட்டுவிட்டால் கைக்கு வருவது புரியாத ஆங்கிலக் குறிகளின் குவியல். பரவலான முறைகளுக்கு மாற்றிகள் உண்டு; பெயர் தெரியாத எழுத்துருவுக்கு அந்த எழுத்துருக் கோப்பே திறவுகோல்.

கரையானுக்கு இரையான சுவடிகளை எண்ணி நாம் இன்றும் வருந்துகிறோம். கரையானுக்கு அறிவில்லை. அறிவுள்ளவர் கையால், கேள்வியின்றி, அரைமணி நேரத்தில் அழிபவற்றுக்கு யாரை நோவது? கடைக்காரரைப் பழிப்பது நம் நோக்கமன்று. இயந்திரத்தை ஓடச் செய்வது அவர் தொழில், அதைச் செய்கிறார். எழுத்தைக் காப்பது எழுதியவர் கடமை. பெட்டியைக் கொடுப்பதற்குமுன் வன்தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். அது கைகூடாதபோது, ‘என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம்’ என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டலாம். ஆழத்தில் அமிழ்ந்த பூமியை மீட்டெடுத்த பூவராகர் கோயில்கொண்ட ஊரில் இருந்துகொண்டு, இருண்ட பெட்டிக்குள் கிடக்கும் சில கோப்புகளை மீட்க இவ்வளவாவது நாம் செய்யத்தான் வேண்டும்.